பேர் வெட்டின பாத்திரம்: மதுரைப் பாத்திரக்கடை ஒன்று சொந்தமாக டிவி நிகழ்ச்சி நடத்தியது பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரையில் மாசி வீதிகளை ஒட்டி மூன்று தலைமுறையாக நடக்கும் பாத்திரக்கடை அது. பேர் சொல்ல வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் இங்கே ‘கடை’ என்றே வருகிறது. முதலாளிக்கு அறுபது நெருங்கும். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. கல்லாவும் கணக்கும் அவர் தம்பி கையில். மகள் எம்.பி.ஏ. முடித்துவிட்டுக் கடைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நான் சின்ன அளவில் விளம்பரப் படம் எடுத்துக் கொடுப்பவன். இரண்டு கேமரா, ஒரு எடிட்டர். முகூர்த்த மாதங்களில் கல்யாண வீடியோவும் உண்டு. கடைக்குப் பல வருஷமாகப் பொங்கல், தீபாவளி விளம்பரங்கள் செய்து தந்திருக்கிறேன்.

பாத்திர வியாபாரத்தின் சுபாவத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்தம் உள்ள மாதங்களில் சீர்வரிசைக்குக் கூட்டம் அள்ளும். ஆடியில் தள்ளுபடி போட்டால் கொஞ்சம் நகரும். மற்ற நாட்களில் பகல் முழுக்க ஈ ஓட்டுவதும் உண்டு. ஒரு குடும்பம் சீர்ப் பாத்திரம் எடுத்துவிட்டால் அடுத்த பெண்ணுக்குக் கல்யாணம் கூடும்வரை கடைப் பக்கம் வர அவர்களுக்கு வேலையே இல்லை. குக்கரும் தோசைத் தவாவும் வீட்டு வாசலுக்கே பார்சலில் வந்துவிடுகின்றன. உள்ளூர் கேபிள் சேனலில் திரைக்கடியில் ஓடும் வரிக்கும், இருபது நொடி விளம்பரத்துக்கும் கடை கட்டிக்கொண்டிருந்த பணத்துக்கு என்ன பலன் என்று யாருக்கும் தெரியாது.

அண்ணாச்சி கேட்டதும் நாங்கள் ஒத்துக்கொண்டதும்

ஒரு ஐப்பசி மாதம் அண்ணாச்சி கூப்பிட்டனுப்பினார். “தம்பி, அடுத்தவன் ப்ரோகிராமுக்கு நடுவுல இருபது செகண்ட் வந்துட்டுப் போறதுக்கு, ப்ரோகிராமே நம்மளோடதா இருந்தா என்ன?” என்றார். சேனலில் அரைமணி நேரத்தை மொத்தமாக விலைக்குப் பேசி வைத்திருந்தார். வாரம் ஒன்று, பதின்மூன்று வாரம்.

யோசனை புதிதல்ல. 1933இல் அமெரிக்க வானொலியில் ‘மா பெர்கின்ஸ்’ தொடர் ஓடியது பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் ஆக்சிடால் சோப்புத் தூளுக்காக. அந்த வகைத் தொடர்களுக்கு ‘சோப் ஆபரா’ என்ற பேர் ஒட்டிக்கொண்டதே இப்படிச் சோப்புக் கம்பெனிகள் பணம் போட்டதால்தான். நம் நாட்டில் 1984இல் தூர்தர்ஷனில் வந்த ‘ஹம் லோக்’ தொடருக்குப் பின்னால் மேகி நூடுல்ஸ் இருந்தது. இவற்றை அண்ணாச்சியிடம் சொன்னேன். அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. அவர் மகள்தான் ஒரு குறுக்குக் கேள்வி கேட்டார்: “சோப்பு மாசாமாசம் தீருது, நூடுல்ஸ் ரெண்டு நிமிஷத்துல தீருது. அண்டா எப்போங்க தீரும்?” அன்றைக்கு அதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்த ஆய்வு முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் என்பது பின்னால்தான் புரிந்தது.

விதிகளைப் பற்றியும் பேசினோம். 1994ஆம் ஆண்டின் கேபிள் டெலிவிஷன் நெட்வொர்க் விதிகளின்படி, எது நிகழ்ச்சி எது விளம்பரம் என்பது பார்ப்பவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். நிகழ்ச்சி ஓடும்போது திரையின் கீழ்ப்பகுதியில் நிற்கும் எழுத்தோ ஓடும் எழுத்தோ விளம்பரமாக வரக்கூடாது. மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது. அதுவரை காசு கொடுத்து ஓட்டிய வரியே இதற்குள் நிற்காது என்பது அண்ணாச்சிக்கு அன்றுதான் தெரிந்தது. உள்ளூரில் இதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை என்பது வேறு விஷயம். நாங்கள் மூன்று முடிவு எடுத்தோம்: நிகழ்ச்சி 24 நிமிடம். தொடக்கத்திலும் முடிவிலும் ‘இது இன்ன கடை தயாரித்து வழங்குவது’ என்று அட்டை. நடுவில் ஓடும் வரி கிடையாது. மூன்றாவதற்கு அண்ணாச்சி அரை மனதாகத்தான் தலையாட்டினார்.

முதல் மூன்று வாரம்

கடையின் இரண்டாவது மாடியில் செட் போட்டோம். தொகுப்பாளினி ஒருவர், வாரம் ஒரு சமையல், எல்லாம் புதுப் பாத்திரம். நிகழ்ச்சிப் பேரிலேயே கடைப் பேர் இருந்தது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை “இந்த வாணலி நம்ம கடையிலேயே கிடைக்கும்” என்று அந்தப் பெண் சொல்ல வேண்டும். எழுதிக் கொடுத்தது நான்தான், பழியை அவர் மேல் போட முடியாது.

உள்ளூர் சேனலுக்கு ரேட்டிங் எண் எதுவும் எங்கள் கைக்கு வராது. அதனால் கல்லாவில் ஒரு நோட்டு வைத்து, வருகிறவர்களிடம் “எதைப் பார்த்து வந்தீங்க?” என்று கேட்டு எழுதச் சொன்னோம். மூன்று வாரத்தில் டிவி நிகழ்ச்சியைப் பார்த்து வந்ததாக ஒரே ஒருவர். அவர் தொகுப்பாளினியின் தாய்மாமன்.

நேரமும் தப்பு. ஞாயிறு காலை பத்தரை. மதுரையில் அந்த நேரத்தில் பாதி ஊர் கறிக்கடையில் நிற்கும், மீதி ஊர் அடுப்படியில் நிற்கும். சமையல் நிகழ்ச்சி பார்க்கச் சமைக்கிறவர்களுக்கு எங்கே நேரம்? ஞாயிறு மதியம் இரண்டரைக்கு மாற்றி, புதன்கிழமை மறு ஒளிபரப்பும் கேட்டு வாங்கினோம். சாப்பிட்டுவிட்டுச் சாய்கிற நேரம்.

திசை மாறிய இடம்

மாற்றம் வந்தது யோசித்து அல்ல. புதுப் பாத்திரம் கண்ணாடி மாதிரி. எவர்சில்வர் குடத்தை நெருங்கி எடுத்தால் அதில் லைட் ஸ்டாண்டு தெரிகிறது, கேமராமேனின் பனியன் தெரிகிறது. துணி கட்டிப் பார்த்தோம், கோணம் மாற்றிப் பார்த்தோம். நாலாவது வாரம் கேமராமேன் சலித்துப்போய், “பழசு ஏதாச்சும் இருந்தா கொண்டாங்கண்ணே, மங்கலா இருந்தாப் போதும்” என்றார். அண்ணாச்சி வீட்டுப் பரணிலிருந்து ஒரு சாக்கு நிறையப் பித்தளை வந்தது. கூடவே அண்ணாச்சியின் அம்மாவும் வந்துவிட்டார். எண்பது தாண்டியவர், பேத்திக்கு அப்பத்தா.

சாக்கிலிருந்து எடுத்த ஒரு குடத்தின் கழுத்தில் மூன்று எழுத்தும் ஓர் ஆண்டும் வெட்டியிருந்தது. இனிஷியல் குடும்பத்தாருடையது இல்லை. யாருடையது என்று மகள் கேட்டார். அப்பத்தா குடத்தை மடியில் வைத்து, வெட்டிய எழுத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டே சொல்லத் தொடங்கினார். பஞ்சம் பிழைக்க ஊரை விட்டுப் போன ஒரு பெண், வழிச்செலவுக்காக அப்பத்தாவின் மாமனாரிடம் குடத்தை வைத்துவிட்டுப் பணம் வாங்கிப் போனாராம். திரும்ப வரவில்லை. மாமனார் சாகும்வரை அதை விற்கவும் இல்லை, உருக்கவும் விடவில்லை. “பேரு வெட்டியிருக்குல்லத்தா. பேரு உள்ளவ வருவான்னுட்டாரு” என்றார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. பதினொரு நிமிடம். வெட்டாமல் அப்படியே வைத்தோம்.

அந்த வாரம் கடைக்கு வந்த ஒன்பது பேர் குடத்தைப் பற்றிக் கேட்டார்கள்.

முடிவு: செட்டைக் கலைத்தோம். தொகுப்பாளினிக்குப் பேசிய பணத்தைக் கொடுத்து அனுப்பினோம். நிகழ்ச்சிக்கு ‘பேர் வெட்டின பாத்திரம்’ என்று பேர் மாற்றினோம். கடைப் பேர் தலைப்பிலிருந்து போய்விட்டது. வாரம் ஒரு வீடு. வாடிப்பட்டி, சோழவந்தான், திருமங்கலம், மேலூர், செல்லூர் என்று போவது. பேர் வெட்டிய ஒரு பாத்திரம், அந்தப் பேர் யாருடையது, எப்படி வீட்டுக்கு வந்தது, அதில் ஒரு சமையல். கடை தலைகாட்டுவது ஓர் இடத்தில் மட்டும்: கடையில் பேர் வெட்டுகிற தொழிலாளியின் கை, உளி, சுத்தி, அரை நிமிடம்.

அண்ணாச்சி நியாயமாக ஒன்று கேட்டார்: “பழைய பாத்திரத்தையே காட்டிக்கிட்டிருந்தா எவன் தம்பி புதுசு வாங்குவான்?” வாங்குவார்கள் என்று நான் உறுதி சொல்லவில்லை. புதுசைக் காட்டியபோது யாரும் வரவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் தம்பி அப்போதே நிறுத்தச் சொன்னார். சேனலுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது என்பதால் தொடர்ந்தது. அதில் பெரிய தொலைநோக்கு ஒன்றும் இல்லை.

புளிக்குழம்பு

ஏழாவது வாரம் நாங்கள் சறுக்கினோம். மேற்கே ஒரு கிராமத்து வீட்டில் பெரிய பித்தளைத் தவலையில் புளிக்குழம்பு வைத்துக் காட்டினோம். படம் அழகாக வந்திருந்தது. திங்கள் காலை கடைத் தொலைபேசியில் மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வயதான அம்மா. “ஈயம் போன தவலையில புளியக் கரைச்சு ஊத்துறீங்களே, வயித்தப் புரட்டாதா? பாத்திரக்கடக்காரவுகளுக்கு இது கூடவா தெரியாது?”

எடுத்ததைத் திரும்ப ஓட்டிப் பார்த்தோம். அவர் சொன்னது சரி. தவலையின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் தெரிந்தது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. புளி, தக்காளி, மோர் மாதிரிப் புளிப்பு பட்டால் செம்பு கரைந்து உணவில் இறங்கும். அதைத் தடுக்கத்தான் உள்ளே வெள்ளீயப் பூச்சு. உணவுத் தொழில் செய்பவர்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிமுறைகளிலும் சரியாக ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று இருக்கிறது. அந்த வீட்டார் அந்தத் தவலையில் நெல்தான் அவிப்பார்களாம். கேமராவுக்காக அதில் குழம்பு வைக்கச் சொன்னது எங்கள் ஆட்கள்.

புதன் மறு ஒளிபரப்பை நிறுத்தச் சொன்னோம். ஏற்கெனவே ஏற்றியாகிவிட்டது என்று அதே பகுதியை ஓட்டிவிட்டார்கள். அடுத்து என்ன செய்வது என்று கடையில் உட்கார்ந்து பேசினோம். தம்பி, “தப்புன்னு நாமளே ஏன் ஊரக் கூட்டிச் சொல்லணும்? ஒரு வாரத்துல மறந்துருவாய்ங்க” என்றார். மகள் ஒத்துக்கொள்ளவில்லை: பாத்திரம் விற்கிற கடை பாத்திரத்திலேயே தப்பு செய்தால் ஊர் மறக்காது என்பது அவர் வாதம். அண்ணாச்சி ஒரு நாள் எடுத்துக்கொண்டு, தானே வந்து சொல்வதாகச் சொன்னார். எட்டாவது வாரத் தொடக்கத்தில் ஒன்றரை நிமிடம், கடைத் திண்ணையில் உட்கார்ந்து, “போன வாரம் நாங்க காட்டுனது தப்பு. ஈயம் போன பாத்திரத்துல புளிப்பு வைக்காதீங்க” என்று தொடங்கினார். சட்டைப் பையில் பேனா தலைகீழாக இருந்தது, மறுபடி எடுக்கலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார்.

மீதி நேரம் முழுக்க ஈயம் பூசுவதைக் காட்டினோம். கல்யாணச் சமையல் மாஸ்டர் ஒருவர் மூலமாக ஒரு பெரியவர் கிடைத்தார். தவலையை உள்ளும் புறமும் தேய்த்துக் கரி அடுப்பில் கவிழ்த்துப் போட்டுச் சுழற்றினார். துருத்தி ஊத ஊதப் பித்தளை நிறம் மாறியது. உள்ளே நவச்சாரத் தூளைத் தூவியதும் வெள்ளைப் புகை குப்பென்று கிளம்பி அவர் முகத்தை மறைத்தது. புகைக்குள்ளேயே ஈயக் குச்சியால் ஒரு கோடு இழுத்தார். அது சொட்டாக உருகிற்று. பஞ்சால் ஒரே வீச்சில் துடைக்க, மஞ்சள் போய் வெள்ளி மாதிரி ஒரு பரப்பு பஞ்சின் பின்னாலேயே ஓடிவந்தது. எங்கள் கேமராமேன் அந்த ஒரு காட்சிக்காகவே இரண்டாவது தவலைக்கும் ஈயம் பூசச் சொன்னார். காரீயம் கலந்த மலிவுக் குச்சியை உணவுப் பாத்திரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது, அது நஞ்சு, சுத்த வெள்ளீயமே வேண்டும் என்பதையும் பெரியவர் வாயாலேயே சொல்லவைத்தோம். ஈயச்சொம்பை வெறுமனே அடுப்பில் வைத்தால் உருகிவிடும் என்பது பல வீடுகளில் பட்டறிந்த பாடம். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகும், அதனால்தான் தண்ணீரோ ரசமோ ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும். அதையும் சேர்த்தோம்.

கடை வாசலில்

அடுத்த இரண்டு நாளில் மஞ்சப்பையிலும் உரச் சாக்கிலும் பழைய பித்தளையைத் தூக்கிக்கொண்டு பத்தொன்பது பேர் கடைக்கு வந்தார்கள். வாசலில் இருந்த பையன்கள் “இங்க ஈயம் பூசறதில்லம்மா” என்று திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். நிகழ்ச்சியை எடுத்த எங்களுக்கோ, காசு போட்ட முதலாளிக்கோ இப்படி வருவார்கள் என்று தோன்றவே இல்லை. உசிலம்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த ஓர் அம்மா, “டிவில காட்டிப்புட்டு இல்லன்னா என்னய்யா அர்த்தம்?” என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

சனிக்கிழமை பெரியவரைக் கடை வாசலுக்கே வரவழைத்தோம். புகை பக்கத்து ஜவுளிக்கடைக்குள் போய்ச் சண்டையானது, அதுவும் நியாயமான சண்டை. அடுத்த வாரம் ஏற்பாட்டை மாற்றினோம்: கடையில் பாத்திரத்தை வாங்கி டோக்கன் கொடுப்பது, ரிங் ரோடு பக்கம் இருந்த குடோனில் பூசுவது, அடுத்த சனிக்கிழமை திரும்பக் கொடுப்பது. புகைக்காகச் செய்த இந்த மாற்றத்தால், ஒருவர் கடைக்கு இரண்டு தடவை வர வேண்டியதாயிற்று. கொடுக்க வரும்போது அவசரம். வாங்க வரும்போது பளபளவென்று தன் பாத்திரத்தைப் பார்த்த சந்தோஷத்தில் நின்று நாலு சாமானைப் பார்ப்பார்கள். மூடி இல்லாத தவலைக்கு மூடி, கரண்டி, ஒரு இரும்புச் சட்டி. சிலர் ஓட்டை விழுந்ததை எடைக்குப் போட்டுப் புதுசு எடுத்தார்கள். உபயோகத்தைப் பொறுத்து ஈயம் தேயும், மறுபடி பூச வேண்டும், மறுபடி வருவார்கள். அண்டா எப்போது தீரும் என்று மகள் கேட்டதற்குப் பதில் இப்படிக் கிடைத்தது. அண்டா தீராது, ஈயம் தீரும்.

இடைவேளையில் போட்டிக் கடை

ஒன்பதாவது வாரம், எங்கள் நிகழ்ச்சியின் இடைவேளையில் வேறொரு பாத்திரக்கடையின் விளம்பரம் வந்தது. பழைய பித்தளைக்கு நல்ல விலை என்று. எங்கள் நிகழ்ச்சி பழம்பாத்திரத்தை ஞாபகப்படுத்தி முடிக்கிற இடத்தில் அவர்கள் வந்து நின்றார்கள், கெட்டிக்காரர்கள். சேனலில் கேட்டால், “நீங்க வாங்குனது ப்ரோகிராமுக்கான நேரம், பிரேக் எங்களோடது” என்றார்கள். ஒப்பந்தம் என்று எங்களிடம் இருந்தது ஒரு பக்க ரசீது. அதில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை, சண்டை போட முகாந்திரமும் இல்லை. மீதி நாலு வாரத்துக்குப் பேசிப் பார்த்து, பாத்திரக்கடை விளம்பரம் வராது என்று எழுதி வாங்கினோம்; அதற்குத் தனியாகப் பணம் கட்டினோம்.

இன்னொன்று. பத்தாவது வாரம் ஒரு வீட்டில் பெரிய அண்டாவைக் காட்டினோம். ஒளிபரப்பான அன்று சாயங்காலமே அந்த வீட்டுக்காரரின் அண்ணன் கடைக்குப் போன் செய்து, “அந்த அண்டா பாகப் பிரிவினையில எனக்கு வர வேண்டியது, காணோம்னு சொல்லிட்டு உள்ள வச்சிருக்கான்” என்றார். படப்பிடிப்புக்கு வாய்மொழிச் சம்மதம் மட்டுமே வாங்கியிருந்தோம். அந்தப் பகுதியை இன்றுவரை யூடியூபில் போடவில்லை.

கணக்கு

பதின்மூன்று வாரத்தோடு நிகழ்ச்சி நின்றது. தம்பியின் கணக்கு எளிமையானது: சேனலுக்குக் கட்டியது, எனக்குக் கொடுத்தது, வண்டிச் செலவு ஒரு பக்கம், நிகழ்ச்சியைப் பார்த்து வந்ததாக நோட்டில் பதிந்தவர்கள் வாங்கிய சரக்கின் லாபம் மறுபக்கம். போட்ட பணத்தில் பாதிகூடத் திரும்பவில்லை. மகளின் கணக்கு டோக்கன் புத்தகத்தை வைத்து: நான்கு மாதத்தில் இருநூறுக்கு மேல் டோக்கன், பெரும்பாலும் முகூர்த்தம் இல்லாத நாட்களில். ஈயக் கூலியில் லாபம் வைக்கவில்லை, பெரியவருக்கே முழுதும் போகிறது. இந்த இருநூறு பேர் வீட்டில் அடுத்த கல்யாணம் வரும்போது எங்கே போவார்கள் என்பதை இன்றைக்கு எழுத எந்தக் கணக்கிலும் பத்தி இல்லை. என்னைக் கேட்டால் இரண்டு கணக்கும் சரி. நிகழ்ச்சி நஷ்டம். அது காட்டிக்கொடுத்த வேலை லாபம். நிகழ்ச்சி இல்லாமல் அந்த வேலை கண்ணில் பட்டிருக்காது என்பதை தம்பியும் மறுப்பதில்லை. அதற்கு இவ்வளவு செலவா என்றுதான் கேட்கிறார்.

எடுத்த படங்கள் கடையின் சொத்து என்று முதலிலேயே எழுதிக்கொண்டது நல்லதாயிற்று. ஈயம் பூசும் பகுதியைச் சின்னத் துண்டுகளாக வெட்டி யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் விட்டார்கள். ஒரு துண்டில் எடிட்டர் சினிமாப் பாட்டைச் சேர்த்துவிட்டார், காப்புரிமைக் கோரிக்கை வந்தது, துருத்திச் சத்தத்தையே வைத்து மாற்றினோம். அதுதான் அதிகம் பேர் பார்த்த துண்டு.

மறுபடி செய்தால்

சேனலில் நேரம் பேசுவதற்கு முன் கல்லாப் பையனிடமும் வாசல் பையனிடமும் பேசுவேன். திரையில் எதைக் காட்டினாலும் அதைக் கேட்டு ஆள் வரும்; வந்தால் என்ன சொல்வது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டியது அவர்களுக்கு. பதின்மூன்று வாரத்தை ஒரேயடியாக வாங்க மாட்டேன், நாலு வாரம் வாங்கிப் பார்ப்பேன். நாங்கள் திருந்தியதே முன்பணத்தால்தான் என்று அண்ணாச்சி இதற்குப் பதில் சொல்வார், அதிலும் நியாயம் இருக்கிறது. இடைவேளை யாருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதுவேன். வீட்டாரிடம் எழுத்துச் சம்மதம், கூடவே ‘இந்தப் பாத்திரத்துக்கு வேறு உரிமைக்காரர் உண்டா’ என்று ஒரு கேள்வி. சமையல் காட்சி ஒவ்வொன்றையும் ஒளிபரப்புக்கு முன் அப்பத்தாவிடம் போட்டுக் காட்டுவேன். ஏழாவது வாரத்தை அவர் முன்கூட்டியே பார்த்திருந்தால் அந்தத் தவலை திரைக்கே வந்திருக்காது.

சனிக்கிழமை ஈயம் பூசுவது இன்றும் நடக்கிறது. பெரியவருக்குத் துணையாக அவர் மருமகன் வந்துவிட்டார். டோக்கன் புத்தகத்தில் முதல் மாதத்தைச் சேர்ந்த ஒரு வரி மட்டும் அடிக்கப்படாமல் இருக்கிறது. ஒரு பித்தளைச் செம்பு, விளிம்பில் இரண்டு எழுத்து. கொடுத்தவர் எழுதிவைத்த போன் நம்பரில் இப்போது வேறு யாரோ எடுக்கிறார்கள். தம்பி அதை எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார். அண்ணாச்சி வாங்கிக் கல்லாவுக்குப் பின்னால், அந்தக் குடத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.